கூரை இல்லாத வளைகாப்பு

கூரை மாற்றப் போகிறீர்களா? புது ஷீட் வாசலில் இறங்கும்வரை பழைய ஓடுகளில் ஒன்றைக்கூடத் தொடாதீர்கள். நெடுங்காட்டில் எங்கள் வீட்டில் நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தோம்.

புதன்கிழமை அக்காவுக்கு வளைகாப்பு. திங்கட்கிழமை காலையிலேயே அப்பா குதித்தார். "நாளைக்குச் செவ்வாக்கிழமைடா, வேலையத் தொடங்கக் கூடாது. இன்னைக்கே ஓட்டப் பிரிச்சிடுவோம்!"

சாயங்காலம் ஷீட் வந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மதியத்துக்குள் வீடு மொட்டை. லாரி வரவில்லை, மழை வந்தது. நாள் பார்த்து நனைந்த ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம்.

அக்கா கட்டிலில் குடை பிடித்து உட்கார்ந்து அழுதாள். "போச்சு, என் வளைகாப்பே போச்சு!"

எதிர்வீட்டு பாய் ஓடி வந்தார். முந்தின நாள்தான் அவர் மகளுக்கு நிக்காஹ் நடந்திருந்தது.

"புள்ளத்தாச்சிய நனைய விட்டுட்டு என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? வாம்மா நம்ம வீட்டுக்கு. பந்தல் அப்படியே நிக்கிது, வளைகாப்ப அங்கயே வச்சிக்குவோம்."

"பந்தக்காரரு நாளைக்குப் பிரிக்க வருவாரே பாய்?" அப்பா இழுத்தார்.

"வரட்டும். சோறு போட்டு உக்கார வச்சிடுவோம்!"

அப்படியே நடந்தது. நிக்காஹ் ஜோடியின் பெயர் மின்னிய போர்டுக்குக் கீழே அக்கா ஜம்மென்று உட்கார்ந்தாள். அத்தான் அண்ணாந்து பார்த்து, "எம் பேர எப்ப மாத்துனீங்க?" என்றதும் பந்தலே சிரித்தது. பாயின் மனைவி கை நிறைய வளையல் போட்டுவிட்டார்.

ஷீட் அடுத்த வாரம்தான் வந்தது. இப்போது ஒரு சொட்டு ஒழுகுவதில்லை. ஆனாலும் மழை வந்தால் அக்கா எதிர்வீட்டைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள்.