இரவல் சளி

இரவல் கொடுக்க உலகத்தில் எத்தனையோ சாமான் இருக்கிறது. அரிவாள் கொடுக்கலாம், ஏணி கொடுக்கலாம். என் தம்பி சளியைக் கொடுத்தான்.

வாங்கிக்கொண்டவர் என் வீட்டுக்காரர். அவருக்குக் காசநோய். முதல் தடவை வந்தபோது இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டார். இருமல் நின்றது, உடம்பில் சதை பிடித்தது. எனக்கென்ன கேடு என்று மீதியைப் பரணில் போட்டுவிட்டார். நோய் திரும்பி வந்தபோது பழைய மாத்திரைக்கு மசியவில்லை. இப்போது வேறு மாத்திரை, கை நிறைய. விழுங்கினால் குமட்டல், விழுங்காவிட்டால் நான். குமட்டலே தேவலை என்று விழுங்கிக்கொண்டிருந்தார்.

மாதாமாதம் நர்சம்மா வந்து ஒரு டப்பா கொடுப்பார். காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி அதில் துப்பித் தர வேண்டும். ஒருமுறை, "கிருமி இன்னும் இருந்துச்சுன்னா மலைக்குக் கீழ ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டி வருங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார். மிளகு பழுத்துக்கொண்டிருந்த நேரம். இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் யார் பறிப்பது?

என் தம்பிக்கோ குஷி பிறந்துவிட்டது. பக்கத்து வீட்டில் குடியிருந்துகொண்டு மூன்று வேளையும் எங்கள் வீட்டில் தின்கிறவன் அவன். "மாமா, கவலைய உடுங்க. எங்கிட்ட இல்லாத சளியா? பீடிச் சளி, ஏ ஒன் சரக்கு!" என்றானாம். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அவன் காறிய காறலில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நான் மாட்டைப் பிடிக்க ஓடினேனே தவிர, இந்தக் கூத்தை எங்கே கண்டேன்? டப்பாவை மூடி, பவ்யமாக நர்சம்மாவிடம் நீட்டினார் என் உத்தமர். அன்றைக்கு இரண்டு பேரும் கோழிக்குழம்பு கேட்டு அடம்பிடித்தார்கள். வைத்தும் கொடுத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

சில வாரம் கழித்து நர்சம்மா மறுபடி வந்தார். தம்பி பெண்டாட்டி காட்டுக்குப் போயிருந்தாள். அவன் எங்கள் வாசலில் தன் மகளைத் தோளில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, கிருமி இருக்குதுங்க. அதே முரட்டு வகைதான், பழைய மருந்துக்கு அடங்காதது."

இவர் துள்ளி எழுந்தார். "அதெப்படிங்க இருக்கும்? எம் மச்சினன் நெஞ்சுல நோயே கெடையாதுங்களே!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அடப் பாவிகளா! எனக்கு வந்த ஆத்திரத்தில் விறகுக் கட்டையைத் தேடினேன். தம்பி அப்போதும் இளித்துக்கொண்டுதான் நின்றான்.

நர்சம்மா திட்டவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "உங்களுக்கு நோய் திரும்பினப்ப வீட்டுல எல்லாரையும் சோதிச்சோம், உங்க மச்சினன் மட்டும் பேளுக்குறிச்சி சந்தைக்குப் போறேன்னு நழுவிட்டாரு. பீடி இருமல்னு நெனச்சுக்கிட்டு, எங்க கணக்குக்கே வராம இந்தக் கொல்லிமலையில இன்னும் எத்தன பேரு இருக்காங்களோ." பிறகு தம்பியைப் பார்த்தார். "பாப்பா யாருகூடப் படுக்குதுங்க?"

"எங்கூடத்தானுங்க. என் நெஞ்சு மேல போட்டாத்தான் தூங்குவா."

சொல்லும்போதே அவன் முகத்தில் சிரிப்பு செத்தது. குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி, தன் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்து என் பக்கம் நீட்டினான். "அக்கா, இவள வாங்கிக்க. சீக்கிரம்."

கையை நீட்டினேன். இரண்டு நாளாக எனக்கும் தொண்டை கரகரவென்றிருந்தது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். எங்கள் இருவருக்கும் நடுவில், அந்தரத்தில், குழந்தை காலை உதைத்துக்கொண்டு சிரித்தது.