முனியிடம் ஒப்படைத்த பிள்ளை

ஓய்வு பெறும்வரை நான் சைவநெறி படிப்பித்தவன். இந்து சமயத்தின் ஆறு பிரிவுகளையும் எழுதுக என்ற கேள்வி பரீட்சையில் அடிக்கடி வரும். சைவம், வைணவம், சாக்தம் என்று ஆறையும் எழுதி, கடைசியில் ‘ஆயினும் அனைத்தும் ஒன்றே’ என்று ஒரு வரி சேர்த்தால் நான் முழுப்புள்ளி போடுவேன். அந்த வரியைக் கரும்பலகையில் எழுதும்போது எனக்குள் ஒரு சின்னச் சிரிப்பு வரும். எங்கள் ஊரான உடப்பின் திரௌபதை அம்மனை எப்படியாவது சாக்தத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். கடற்கரை முனியை எதில் சேர்ப்பது? சுருட்டும் சாராயமும் கேட்கிற, மீன் இல்லாமல் சோறு தொடாத அந்தச் சாமிக்கு எந்தப் புத்தகத்திலும் இடமில்லை. இடம் வேண்டுமென்று அவரும் கேட்டதில்லை.

பூவரச மரத்தடியில் ஒரு கருங்கல், பக்கத்தில் துருப்பிடித்த ஒரு சூலம். முனி என்பது அவ்வளவுதான். பூசைக்கு ஐயர் கிடையாது. கடலுக்குப் போகிற வீட்டுப் பெண்கள்தான் சமைத்துக் கொண்டுபோய்ப் படைப்பார்கள்.

அவரிடம் வேறொரு பொறுப்பும் இருந்தது. கடலுக்குப் போனவன் திரும்பி வராவிட்டால், உடலும் கரை ஒதுங்காவிட்டால், அவன் இடுப்பில் உடுத்துகிற சாரத்தில் ஒரு துண்டு கிழித்து முனியின் சூலத்தில் முடிந்துவிடுவார்கள். “இனி உன்ட பொறுப்பு” என்று ஒரு வார்த்தை சொல்லுவார்கள். அதற்குப் பேர் ஒப்படைப்பு. ஒப்படைத்தவனைச் செத்தவன் என்று யாரும் சொல்லக்கூடாது. பெண்சாதி பொட்டை அழிக்கமாட்டாள். வருடந்தோறும் அவன் தொலைந்த மாதத்து அமாவாசையில் அவனுக்குப் பிடித்ததைச் சமைத்து முனிக்கு முன்னால் வைப்பார்கள். முனி தான் சாப்பிட்டுவிட்டு அவனுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார். எப்போதாவது உடல் கிடைத்தால் அந்த முடிச்சை அவிழ்ப்பார்கள். அதன் பிறகுதான் ஒப்பாரி, எட்டாம் நாள், முப்பத்தொன்றாம் நாள் காரியம் எல்லாம்.

நாட்டில் சண்டை முடிந்து ஓரிரண்டு வருடத்துக்குள் என் அக்காவின் மகன் போனான். அவளுக்கு ஒரே பிள்ளை, அத்தான் முன்னமே காலமாகிவிட்டார். கடலுக்குப் போக பாஸ் எடுத்த காலம், நேவிக்காரன் விரட்டிய காலம் எல்லாம் தப்பிப் பிழைத்த பொடியன், இனி ஒரு பயமும் இல்லை என்று ஊரே நிம்மதியாக இருந்த நாளில் வலை இழுக்கும்போது தவறி விழுந்தான். கச்சான் காற்று தொடங்கியிருந்த வைகாசி. கூடப்போனவர்கள் அவனில்லாத படகோடு கரைக்கு வந்தார்கள். கரை வழியே கண்டக்குழிவரை போய் விசாரித்தோம். அக்கா தலவிலவுத் தேவாலயத்துக்கும் போய் அன்னம்மாளுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். நீ எந்தச் சமயம் என்று அங்கே யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவன் வரவில்லை. அவனுடைய நீலச் சாரத்தில் ஒரு துண்டைக் கிழித்து அக்காவே சூலத்தில் முடிந்தாள்.

பெரிய கோயில் ஐயர் யாழ்ப்பாணத்தவர், நல்ல மனிதர். அவராகவே வீட்டுக்கு வந்தார். “அம்மா, உடல் கிடைக்காட்டியும் பரவாயில்லை. தர்ப்பையிலை உருவம் செய்து தகனம் செய்யலாம். சாஸ்திரத்திலை இடமிருக்கு. பிறகு வருசாவருசம் எள்ளும் தண்ணியும் இறைச்சால் அவருக்குப் போய்ச் சேரும்” என்றார்.

“என்ட புள்ள எள்ளு திங்கமாட்டான் ஐயா” என்றாள் அக்கா. “அவனுக்குச் சூடை மீன் பொரிக்கணும்.”

ஐயர் என்னைப் பார்த்தார். நான் முற்றத்தைப் பார்த்தேன்.

வைகாசி அமாவாசை வந்தால் அக்கா விடியவே கரைக்குப் போய்விடுவாள். சூடையைத் தன் கையாலேயே பொறுக்குவாள். பொரியல், பாரை மீன் குழம்பு, மரவள்ளிக்கிழங்கு. அன்றைக்கு அவளுடைய முகத்தில் ஒரு சுறுசுறுப்பு இருக்கும்; வெளியூரில் வேலைசெய்யும் மகன் லீவில் வருகிறான் என்று சமைக்கிற தாய்மாருக்கு இருக்குமே, அது. நான் படித்தவன், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் மற்ற நாளெல்லாம் எழும்பிப் பல் துலக்கினாள் என்பது எனக்குத் தெரியும்.

இப்படிச் சில வருடங்கள் போயின. அந்தக் காலத்தில் இந்தக் கரை முழுக்கக் கட்டட வேலைதான். எங்கே பார்த்தாலும் கோபுரம், மினாரா, மாதா கூடு, வெள்ளை விகாரை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர், கொழும்பில் வளர்ந்து அங்கேயே கடை வைத்திருந்தவர், கோயில் சபைக்குச் செயலாளராக வந்தார். முனியை வைரவராக்கிக் கற்கோயில் கட்டிக் கும்பாபிஷேகம் செய்வோம் என்றார். சிலை இந்தியாவிலிருந்து வரும். இனி அங்கே மச்சம் மாமிசம் கூடாது.

கூட்டத்தில் நான் எழுந்தேன். “முனி முனியாகவே இருக்கட்டுமே. வைரவருக்கு வேற இடத்துல கட்டுங்க” என்றேன்.

“சேர், நீங்களே இப்புடிச் சொல்லலாமா? எங்கட சமயம் ஒண்டு எண்டு புள்ளைகளுக்குப் படிப்பிக்கிறது நீங்கதானே? நாங்க இங்க ஒரு புடி சனம். ஒரு தெருவுக்கு ஒரு சாமி, வீட்டுக்கு ஒரு பழக்கம் எண்டு பிரிஞ்சு நிண்டா நாளைக்கு எங்களுக்கு ஆரு இருக்கிற?”

அவர் கெட்டவர் அல்ல. கொழும்பில் கலவரத்தின்போது எரிகிற கடைக்குள்ளிருந்து சின்ன வயதில் தூக்கி வெளியே எடுக்கப்பட்ட மனிதர். ஒன்றாக இருந்தால்தான் உயிரோடு இருக்கலாம் என்பதைப் புத்தகத்தில் படித்து வந்தவரில்லை. அதனால்தான் எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவதென்று தெரியாமல் உட்கார்ந்தேன். கை தட்டினார்கள். பழைய சூலத்தை ஒரு மூலையில் வைத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கும்பாபிஷேகம் நன்றாகத்தான் நடந்தது, பொய் சொல்லக்கூடாது. நாதஸ்வரம், யாகசாலை, ஊர் முழுக்க அன்னதானம். அக்காவும் கும்பிட்டாள்.

அடுத்த வைகாசி அமாவாசையில் மீன் சட்டியைத் துணியால் மூடிக்கொண்டு அவள் போனபோது நானும் கூடப் போனேன். வாசலில் அதே பெரிய கோயில் ஐயர் நின்றார். அவருக்கும் சங்கடம்தான்.

“அம்மா, இதை இனி உள்ளுக்குக் கொண்டுவரேலாது. சர்க்கரைப் பொங்கல் வையுங்கோ. அவர் ஏற்பார்.”

“முனி எங்க ஐயா?”

“இவர்தான் அம்மா முனி. வைரவராய் எழுந்தருளியிருக்கிறார்.”

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தாள். கறுப்புக் கல்லில் நாயோடு நின்ற வைரவருக்கு வெள்ளிக் கண் வைத்திருந்தார்கள்.

“இவருக்கு என்ட புள்ளையத் தெரியாதே” என்றாள்.

செயலாளரும் அங்கே நின்றார். பழைய சூலத்தையாவது தா, வீட்டுப் பின்புறக் கோடியில் நட்டு வைத்துக்கொள்கிறேன் என்று அக்கா அவரிடம் கேட்டாள். கல்லையும் சூலத்தையும் முறைப்படி போட்டில் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிட்டதாக அவர் சொன்னார்.

“அதுல கட்டியிருந்த துணியெல்லாம்?”

“ஒண்டையும் கிழிக்கயில்ல அக்கா” என்றார் அவர். அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, மரியாதையோடுதான் சொன்னார். “உங்கட ஆக்கள் மனம் நோகக்கூடாது எண்டு, நானே நிண்டு ஒவ்வொரு முடிச்சா அவிழ்க்க வெச்சன்.”

கடலுக்குப் போகாத கடைக்குடும்பத்துப் பிள்ளை அவர். முடிச்சை அவிழ்த்தால் என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அறுத்து எறிந்திருந்தால்கூட முடிச்சு முடிச்சாகவே கடலுக்குப் போயிருக்கும். அக்கா சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

கடல் ஓரத்தில் சோற்றையும் மீனையும் வைத்தாள். அலை அந்த இடம்வரை ஏறவில்லை. இரண்டு நாய்கள் வந்தன. விரட்டப் போன என்னை அவள் தடுத்தாள்.

“திங்கட்டும் தம்பி. கொண்டு குடுக்க ஆளில்லாம அவனுக்கு எப்புடிப் போறது?”

அதற்குப் பிறகு அவள் கரைக்கு மீன் வாங்கப் போகவில்லை. யார் வீட்டுக்கும் போகவில்லை. சமைத்ததை நான் கொண்டுபோய்க் கொடுத்தால் இரண்டு வாய் சாப்பிடுவாள். ஒரு நாள் சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே, “ஐயர்ட்டச் சொல்லு. புல்லுல செய்யிறது எண்டாரே, அதச் செய்வம்” என்றாள். வேண்டாம் அக்கா என்று சொல்ல ஆசைதான். சொல்லிவிட்டு அவளுக்கு எதைக் காட்டுவது?

கடற்கரையில் காலை வேளையில் நடந்தது. ஐயர் தர்ப்பையை முடைந்து கை, கால், தலை வைத்து வாழையிலையில் கிடத்தினார். ஒரு முழம்கூட இல்லை. அக்கா அதன் தலைப்பக்கமாக உட்கார்ந்து, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு புல்லை உள்ளே சொருகிவிட்டாள். கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லாதவன், அதனால் தாய்மாமன் நான் ஈரவேட்டியோடு நின்றேன்.

ஐயர் பேர் கேட்டார், நட்சத்திரம் கேட்டார். கோத்திரம் கேட்டபோது நாங்கள் இரண்டு பேரும் முழித்தோம். “தெரியாட்டிச் சிவகோத்திரம். எல்லாருக்கும் பொருந்தும்” என்று அவரே சொல்லிக்கொண்டார்.

“காலமான திதி? வைகாசியிலைதானே?”

“இல்ல ஐயா” என்றாள் அக்கா. “முடிச்ச அவிழ்த்து முனிய எடுத்த அண்டைக்கு என்ன திதி?”

ஐயருக்கு விளங்கவில்லை. ஆனாலும் யோசித்துப் பார்த்துச் சொன்னார். “வளர்பிறைத் தசமி. நல்ல நாள். நான்தான் அம்மா பாத்துக் குறிச்சுக் குடுத்தனான்.”

“அப்ப அண்டைக்குத்தான் ஐயா” என்றாள் அவள்.