அத்தையின் உப்பில்லா விரதம்

ஈப்போவில் லோரிப் பட்டறை வைத்திருக்கிறேன். லகாட்டில் ஒரு கிளை இருக்கிறது. தோட்டப் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவன், என் மகளை டாக்டராக்கியிருக்கிறேன். யாரும் கைதூக்கிவிடவில்லை, நானாகத்தான் எழுந்து நின்றேன். இதைச் சொல்லாமல் நான் எந்தக் கதையையும் ஆரம்பிப்பதில்லை. வீட்டில் அலுத்துக்கொள்வார்கள். நீங்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை, என் அத்தையைப் பற்றி.

கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். இப்போது அங்கே வீடமைப்புத் திட்டம் வந்து, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. லயத்து வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும்.

அத்தை பால்மரம் வெட்டுவாள், ரப்பர்ப் பால் வடிய மரப்பட்டையைச் சீவுகிற வேலை. எல்லாரும் தங்கள் மர வரிசையில், பாதி நிரையில் நிற்கும்போது அவள் முடித்துவிட்டுக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவள் ஒரே வருடத்தில் ஆளே மாறிப்போனாள். உடம்பு இளைத்தது. குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது என்று மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதைப் பார்த்துவிட்ட மண்டோர், எங்களை வேலை வாங்குகிறவர், நிரை முழுக்கக் கேட்கும்படி, "என்னா, மரத்துக்குத் தாலாட்டுப் பாடறியா? மரம் தூங்கிருச்சின்னா பால் வராது லா!" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அத்தையும் சேர்ந்து சிரிப்பாள்.

அதோடு கறுத்துக்கொண்டே வந்தாள். வெயிலில் கறுப்பது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அத்தைக்கு வெயில் படாத இடமெல்லாம் கறுத்தது. உள்ளங்கை ரேகைகள் மை தடவினாற்போல இருந்தன. வாய் திறந்தால் ஈறு நாவற்பழம் தின்றவள் ஈறுபோலத் தெரிந்தது. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசர் ரத்தம் கம்மி என்று சிவப்பு டானிக் கொடுத்தார். அது முடிந்ததும் இன்னொரு சிவப்பு டானிக் கொடுத்தார்.

எனக்கு மட்டும் அத்தையிடம் ஒரு விஷயம் ரொம்பப் பிடித்திருந்தது. அவள் உப்புத் தின்பாள். கல்லுப்பை விரலில் ஒற்றி நக்குவாள், எலுமிச்சை ஊறுகாய் ஜாடியில் ஊறியிருக்கும் தண்ணீரைக் குடிப்பாள், கருவாட்டைச் சுடாமலே கடிப்பாள். சீனன் கடையில் ஆசாம்போய் வாங்கி வரச் சொல்லி என்னை அனுப்புவாள். அந்த உப்புப் போட்ட காய்ந்த பிளம் பழத்தில் எனக்கும் பங்கு உண்டு. பெரியவர்களில் இப்படி ஒருத்தி இருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மாவுக்கு அது பெருமையாக இல்லை. "உப்புக்கு எறும்பு வராதுன்னு சொல்லுவாங்க. நம்ம வீட்டு எறும்பு சேலை கட்டிக்கிட்டுல்ல வருது" என்பாள். வேலைக்குச் சோம்பல், தின்பதற்கு மட்டும் சுறுசுறுப்பு என்பது அவள் தீர்ப்பு. அப்பா வாயைத் திறக்கமாட்டார். தங்கச்சியைத் திட்டவும் மனமில்லை, அம்மாவை எதிர்க்கவும் துணிச்சலில்லை.

தெலுக் இந்தானிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு ஆள் மூலம் சேதி வந்தது. பெண் ரொம்பக் கறுப்பு, நிற்கவே தெம்பில்லாதவள்போல இருக்கிறாள் என்று. அன்றைக்குத்தான் அப்பாவுக்கு வாய் திறந்தது. தைப்பூசத்துக்குத் தங்கச்சி பால்குடம் எடுப்பாள் என்று நேர்ந்துகொண்டார். எல்லாரும் இருக்கிற விரதம் போதாது என்று, உப்பே சேர்க்காத விரதம் என்றும் சேர்த்துக்கொண்டார். எதை விட்டுக்கொடுக்கக் கஷ்டமோ அதைத்தானே சாமிக்குக் கொடுக்க வேண்டும்?

அத்தை மறுக்கவில்லை. "இந்தக் கறுப்பும் அசதியும் போனா போதும் அண்ணே. நா மொத ஆளா நிரை முடிப்பேன், பாருங்க" என்றாள்.

விரதம் தொடங்கியது. உப்பில்லாத சோறு, உப்பில்லாத பருப்பு, பால், வாழைப்பழம். அம்மா உப்புப் பானையை மேல் தட்டில் ஏற்றி வைத்தாள். ஏற்றவே தேவையில்லை. அத்தை அந்தப் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. நாளாக ஆகச் சோறே இறங்கவில்லை, உண்டதை வாந்தி எடுத்தாள். உடம்பு சுத்தமாகிறது என்று அக்கம்பக்கத்தில் பாராட்டினார்கள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு நாள் யாரும் இல்லாத நேரத்தில் ஓர் ஆசாம்போயை அவள் முன்னால் நீட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"வேணாம்டா தங்கம். சாமிக்கு வாக்குக் குடுத்தாச்சி."

நான் வெளியே போய் அதைத் தின்றேன்.

தைப்பூசத்தன்று ஈப்போவில் சுண்ணாம்புக் குன்றடியில் இருக்கும் குகைக் கோயிலுக்குக் கூட்டத்தோடு நடந்தோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மஞ்சள் சேலையில் அத்தை தலையில் குடத்தோடு நடந்தாள். முன்னால் உறுமி மேளம். கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அவள் கால் பின்னியது, உடம்பு ஆடியது, கண் மேலே செருகியது. குடத்தைப் பக்கத்தில் இருந்த ஒருத்தி பிடித்துக்கொண்டாள். அத்தை தரையில் சாய்ந்தாள்.

"அருள் வந்திருச்சி! வேல்! வேல்!"

அவ்வளவுதான். மேளம் இன்னும் வேகமெடுத்தது. வேப்பிலை வந்தது, விபூதி வந்தது. ஒரு கிழவர் குனிந்து, "தாயே, என் மகனுக்கு வேலை கெடைக்குமா?" என்று குறி கேட்டார். அப்பா கைகூப்பிக்கொண்டு அழுதார். சாமி தன் தங்கச்சியைத் தேடி வந்துவிட்டது என்ற ஆனந்தம். எனக்கும் ஒரே மிதப்பு. பள்ளிக்கூடத்தில் யார் அத்தைக்கு இப்படி அருள் வந்திருக்கிறது?

அம்மாதான் கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போனாள். அத்தையின் கையைப் பிடித்தாள், கன்னத்தைத் தொட்டாள்.

"நிப்பாட்டுங்கய்யா மேளத்த! இது சாமி இல்ல. சாமி வந்த ஒடம்பு அனலாக் கொதிக்கும். இவ ஐஸாட்டம் கெடக்கா!"

"சாமி காரியத்துல கைவைக்காத" என்றார் அப்பா.

"ஒங்க தங்கச்சி செத்துக்கிட்டிருக்கா! தூக்கப் போறீங்களா, நா தூக்கவா?"

நாளெல்லாம் அத்தையைக் கரித்துக்கொட்டிய அம்மா, அவள் தலையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு டாக்சியில் உட்கார்ந்தாள். அப்பாவும் நானும் முன்னால் நெருக்கிக்கொண்டோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சீன டாக்டர் அத்தையின் ஈறைப் பார்த்தார், உள்ளங்கையை விரித்துப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். அதன்பிறகு அந்த அறையில் யாரும் நடக்கவில்லை, எல்லாரும் ஓடினார்கள். ஊசி போட்டு, நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். உப்பு என்று கேட்டதும் அப்பா பதறிப்போய், பால்குடம் இன்னும் செலுத்தவில்லை, விரதம் கலைந்துவிடும் என்றார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாய் வழியாவா போவுது? நரம்புல போனா விரதம் கலையாது. சாமி கேட்டா நா சொல்லிக்கிறேன்."

அத்தைக்கு வந்திருந்தது என்ன என்று பிற்பாடு என் மகள் எனக்கு விளக்கினாள். நான் அதை எனக்குத் தெரிந்த பாஷையில் வைத்திருக்கிறேன். இரண்டு சிறுநீரகத்தின் உச்சியிலும் மலாய்க்காரர்கள் போடும் சொங்கோக் தொப்பி கவிழ்த்தாற்போல ஒரு சின்னச் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அதன் உள்பகுதி, நாய் துரத்தினால் நெஞ்சு படபடக்க வைக்கிற நீரைச் சுரக்கிறது. வெளிப்பட்டை சுரப்பதுதான் உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கிறது, ரத்த அழுத்தத்தைத் தாங்குகிறது, காய்ச்சலோ கஷ்டமோ வந்தால் ஈடுகொடுக்கிறது. அத்தைக்குச் சின்ன வயதில் நெஞ்சில் காசநோய் வந்து ஆறியிருந்தது. அது ஒளிந்திருந்து அந்தச் சுரப்பிகளைத் தின்றுவிட்டது. தலைக்குள் இருக்கும் இன்னொரு சுரப்பிதான் இதற்கு மேனேஜர். வேலை நடக்கவில்லை என்று தெரிந்ததும் அது ஓயாமல் உத்தரவு அனுப்பும். கேட்பதற்குத்தான் ஆளில்லை. அந்த உத்தரவுகள் தோலில் போய் வேலைசெய்து கறுப்பாக்கிவிடும். உப்பு ஒழுகிப் போய்க்கொண்டிருந்த உடம்பு உப்பைக் கேட்டது. நாங்கள் அதை விரதம் என்று நிறுத்தினோம்.

மறுநாள் போனபோது அத்தை சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். உப்புப் போட்ட கஞ்சி. ஒரே நாளில் கண்ணில் வெளிச்சம் வந்திருந்தது. டாக்டர் இங்கிலீஷில் சொல்ல, தமிழ் நர்ஸ் மிஸ்ஸி எங்களுக்கு எடுத்துச் சொன்னார். அந்தப் பழைய நெஞ்சு நோய்க்கும் வைத்தியம் தொடங்கும், இந்த மாத்திரையை ஆயுசுக்கும் விடக்கூடாது, காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்டிப் போட வேண்டும், இனி உப்பில்லா விரதம் கூடவே கூடாது. கடைசியாக டாக்டர் ஒன்று சொன்னார். மிஸ்ஸி அத்தை பக்கம் திரும்பினார்.

"இது சோம்பல் இல்லம்மா, வியாதி. இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு நீ மரம் வெட்டப் போனதே பெரிய காரியம்னு டாக்டர் சொல்றாரு."

அத்தை கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "கேக்கல மிஸ்ஸி. இன்னொருக்கா சொல்லுங்க."

மிஸ்ஸி திரும்பச் சொன்னார். அத்தை மிஸ்ஸியைப் பார்க்கவில்லை. கட்டில் கால்மாட்டில் நின்ற அப்பாவையும் அம்மாவையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

மிஸ்ஸி கத்தியே சொன்னார். அந்த வார்டே திரும்பிப் பார்த்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா, சுருக்கமே இல்லாத போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மாவிடம் கேட்டேன், "அத்தைக்குக் காதும் அடச்சிருச்சா?" அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதில் வராததால் ஆமாம் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அத்தை வீட்டுக்கு வந்தபிறகும் ரொம்ப நாளைக்கு அவள் காதருகே போய் நின்று கத்தித்தான் பேசினேன். அவளும், எனக்குக் காது நன்றாகக் கேட்கும்டா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.