கன்னட வரி காணாமல் போன ஞாயிறு

என் மனைவிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பேச்சு, சண்டை, செபம் எல்லாம் தமிழில்தான். ஆனால் பிறந்து வளர்ந்தது பெங்களூர் விவேக் நகரில், படித்தது கன்னடப் பள்ளியில். நான் வேலூர்க்காரன். கன்னடம் பேச வரும், எழுத்து ஒன்றும் தெரியாது. ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகையை நான் வாசிப்பேன், பஸ் போர்டை அவள் வாசிப்பாள். குடும்பம் நன்றாகவே ஓடுகிறது.

மாதா கோவிலில் மட்டும் அவளுக்கு அது வெட்கம். தமிழ்ப் பூசையில் பாட்டுப் புத்தகத்தைச் சும்மா விரித்து வைத்துக்கொண்டு நிற்பாள். பாட்டு வரிகளைச் சுவர்த் திரையில் காட்டும் புரோகிராமை எங்கள் பங்குக் கோவிலுக்கு எழுதிக் கொடுத்தவன் நான் என்பதால் ஒரு வேலை செய்தேன். தமிழ் வரிக்குக் கீழே அதே வரியைக் கன்னட எழுத்தில் சின்னதாகப் போட்டேன். வீட்டு லேப்டாப்பில் அவளே அடித்துவிடுவாள். யாராவது கேட்டால், புதிதாக வருகிறவர்களுக்காக என்று சொல்வதாகப் பேசி வைத்திருந்தோம். யாரும் கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போது, ஞாயிறு பூசையில் முதல் பைபிள் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப்பாடலைத் தனியாகப் பாடும்படி பாடகர் குழுவில் அவளைக் கேட்டுவிட்டார்கள். துணி காயப்போடும்போதும் கன்னடத்தில் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதே ராகம்தான். கோவிலில் அந்தத் தாளை எடுக்க முடியாது, ஊருக்கே தெரிந்துவிடும். திரையில் கன்னட வரி இருக்கிற தைரியத்தில்தான் சரி என்றிருந்தாள்.

எனக்கோ கை சும்மா இருக்காது. அதே வாரம்தான் புரோகிராமைச் சீர்திருத்தினேன். அதுவரை திரையில் வருவதெல்லாம் ஒரே வகை. இப்போது 'பக்கம்' என்று ஒரு பொது வகை. அதற்குத் தலைப்பும் தமிழ் வரிகளும் உண்டு. அதன் கீழே பாட்டு, வாசகம், அறிவிப்பு என்று மூன்று பிள்ளைகள். கன்னட வரி பாட்டுக்கு மட்டும் உரியது. வைட்ஃபீல்ட் ஆபீசில் நாள் முழுக்க அடுத்தவன் எழுதிய புரோகிராம் குப்பையைக் கிளறுகிறவனுக்கு இது எவ்வளவு ஆனந்தம்! எல்லாவற்றையும் ஜேசன் (JSON) என்ற வகைக் கோப்பாகப் பழையதன் மேலேயே சேமித்து, பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனேன். ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை.

வருகைப் பாடல் தொடங்கியது. பல்லவியை எல்லோரும் பாடினார்கள். சரணம் வந்ததும் கோவிலில் பாதிச் சத்தத்தைக் காணோம். மைக் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகுதான் திரையைப் பார்த்தேன். தமிழ் மட்டும் இருந்தது.

அப்போதே விளங்கிவிட்டது. திரையில் வரவேண்டியவற்றின் பட்டியலைப் புரோகிராமில் 'பக்கங்களின் பட்டியல்' என்று அறிவித்திருந்தேன். கோப்பை எழுதுகிற கருவி அந்தப் பெயரை நம்பி, பக்கத்துக்கு உரியதை மட்டும் எழுதிவிட்டு, பாட்டுக்கே உரியதை விட்டுவிட்டது. திரும்பத் திறந்தபோது பாட்டும் இல்லை, வாசகமும் இல்லை, எல்லாம் வெறும் பக்கம். விட்டுப்போனதை அடித்துவிடலாம் என்றால் எனக்குக் கன்னடத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. முதல் வாசகம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தது அவள்.

அவள் மைக் முன்னால் வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள், பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். சரணத்தில் வாயடைத்து நின்றவர்கள் யார் யார் என்று அவளும் கவனித்திருக்க வேண்டும். கைப்பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்து, எல்லோரும் பார்க்க விரித்துப் பிடித்துக்கொண்டு பாடினாள். எங்கும் தடுமாறவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பூசை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்கு என்னைத் தேடி வந்தார்கள். முதலில் ஓய்வு பெற்ற டீச்சரம்மா என்னை ஓரமாக இழுத்து, "கன்னடா லைன் எங்கப்பா காணோம்? எனக்கில்ல, மருமகளுக்கு" என்றார். அடுத்து ஆட்டோ ஓட்டுகிற அண்ணன், "எங்க வீட்ல கேக்கறாங்க சார்" என்றார். அவர் மனைவி ஊருக்குப் போயிருப்பது எனக்குத் தெரியும். கடைசியில் பாடகர் குழுத் தலைவரே வந்தார்.

"இன்னாபா, என்னை இப்படி நட்டாத்துல விட்டுட்டே" என்றார். அவர் வேறு யாருக்காகவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சரிசெய்ய உட்கார்ந்தேன். இனி புரோகிராம் ஒவ்வொன்றையும் எழுதும்போது இது பாட்டு, இது வாசகம் என்று அதன் வகையை முதலிலேயே கோப்பில் குறித்துவிடும். திறக்கும்போது அதைப் பார்த்து அந்தந்த வகையாகவே உருவாக்கும். பக்கத்தில் உட்கார்ந்து மனைவி விட்டுப்போன வரிகளை மறுபடி அடித்தாள். பாடிய சந்தோஷம் முகத்தில் இன்னும் இருந்தது.

"அறிவிப்பையும் கன்னட எழுத்துல போடலாம்ல?" என்றாள்.

"கன்னட வரி பாட்டுக்கு மட்டும்தான் இருக்கு."

"ஏங்க, பாட்டு மட்டும்தான் எங்களுதா?"

நான் கன்னட வரியைப் பாட்டிலிருந்து எடுத்து, பொது வகையில் தமிழ் வரிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அப்டியே எழுத்தையும் பெருசாக்குங்க" என்றாள். "ரெண்டும் ஒரே சைஸ்ல இருக்கட்டும்."