அக்கா பின்னால் வைத்த நான்கு அடி

1. அட்டைக் கிரீடத்தோடு மேடையின் நடுவில் நின்றேன்.
2. வசனம் மறந்தது. அழுகை வந்தது.
3. தோழியாக நடித்த அக்கா நான்கு அடி பின்னால் போனார்.
4. கைதட்டல் முழுவதும் அவருக்குப் போனது.

பதுளைப் பள்ளிக்கூடத்தில் அன்று நடந்தது இவ்வளவுதான்; இரண்டாவதை மட்டும் சபை காணவில்லை. அக்கா எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கரின் மகள், யாழ்ப்பாணத்துக்காரர். நான் கொழுந்து பறிப்பவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளை. லயத்திலிருந்து ஒருத்திக்கு அரசி வேடம் கிடைத்தது அதுவே முதல் தடவை. "நீ பிழைவிட்டால் இனித் தோட்டத்துப் பிள்ளையள எடுக்கமாட்டன்" என்று டீச்சர் ஒத்திகையிலேயே சொல்லியிருந்தார்.

எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் பார்ப்பவர்கள் சுற்றிலும் உட்கார்ந்திருப்பார்கள். முதுகைக் காட்டுவது குற்றமே இல்லை. அதனால் அக்கா பின்னால் போனதும் யோசிக்காமல் அவர் பக்கம் திரும்பினேன். "அழுது முடி. அதுவரைக்கும் திரும்பாதை" என்றார், உதடு அசையாமல். பிறகு என் வசனத்தைத் தன் வசனம்போல உரக்கப் பேசினார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி, கடைசி வரியை மட்டும் சொன்னேன்.

வீடு திரும்பும் தெமோதரை பஸ்ஸில் அம்மா பொருமினார்: "ஒன்னைய முதுகு காட்ட வச்சுட்டு அவ பேரு வாங்கிட்டா, பாத்தியா?" நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் டீச்சர் நடித்த பிள்ளைகள் எல்லார் முன்னாலும் அக்காவை எழுப்பி நிறுத்தினார். "இதைத்தான் இங்கிலீசில அப்ஸ்டேஜ் பண்ணுறது எண்டு சொல்லுறது." பழைய ஆங்கில மேடைகள் பின்பக்கம் உயர்ந்து சரிவாக இருந்தனவாம், அதனால் பின்பக்கம் மேல்மேடை. ஒருவர் அங்கே போய் நின்றால், அவரோடு பேசுகிறவர் சபைக்கு முதுகைக் காட்டியே ஆகவேண்டும். பார்ப்பவர் கண்ணெல்லாம் மேலே நிற்பவர் முகத்தில். அடுத்தவரை மறைத்துத் தான் பெயர் வாங்குவதற்கு அப்படித்தான் அந்தச் சொல் வந்ததாம்.

"விளங்குதோ?" என்றார் டீச்சர்.

"ஓம், டீச்சர்" என்றார் அக்கா. நான் அழுததை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த வருடமும் எனக்கு வேடம் கிடைத்தது. அவருக்கு அதன்பின் ஒன்றுமே கிடைக்கவில்லை.

இப்போது நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன். அழுதுகொண்டு வருகிறவர்களை முதலில் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்வேன். அவர்கள் முடிக்கும்வரை காத்திருப்பேன்.

கிரீடம் என் பெட்டியில் இருக்கிறது. ஒரு முனை மடங்கிவிட்டது. நடந்ததை டீச்சருக்கு நேற்று எழுதிப் போட்டேன். அக்காவுக்கு இன்னும் எழுதவில்லை.