தமிழ் டாக்டர்தான் வேண்டும்

போன மாதம், செகந்திராபாத் பக்கத்தில் அல்வாலில் என் பக்கத்து வீட்டுக்காரர் சுந்தரத்தை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பித்தப்பையில் கல். வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு எடுத்துவிடலாம் — கீஹோல் ஆபரேஷன்.

"நம்ம தமிழ் டாக்டர்தான் வேணும். அப்பத்தான் விவரமாச் சொல்ல முடியும்" என்று தேடிப் பிடித்தவர் அவர் மனைவி கோமதி.

கார் செகந்திராபாத்தைத் தாண்டியதும் அதே கோமதி சொன்னார்: "அண்ணா, ஈரல் சமாசாரத்தை மட்டும் அங்க எடுக்காதீங்க."

சுந்தரத்துக்குச் சிரோசிஸ். ஈரல் சுருங்கி இறுகிப்போகும் நோய். பல வருடச் சர்க்கரையும், ஈரலில் படிந்த கொழுப்பும் செய்த வேலை. மனிதர் ஒரு சொட்டு மது தொட்டதில்லை.

"டாக்டர்கிட்டயுமா?"

"அவர் தமிழ்க்காரராச்சே. உப்பல்ல இருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரிஞ்சவர். ஈரல்னா குடின்னுதானே பேசுவாங்க? எங்க பொண்ணு ரம்யா கல்யாணம் நின்னுடும்."

விவரமாகச் சொல்லத் தமிழ் டாக்டர். தமிழ் டாக்டர் என்பதாலேயே விவரம் சொல்லக் கூடாது.

"வேற ஏதாவது நோய் இருக்கா?" என்றார் டாக்டர்.

"சுகர் மட்டும்தான்" என்றார் கோமதி. சுந்தரம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், கூட வந்திருந்த மகள் ரம்யா முந்திக்கொண்டாள்.

"டாக்டர், அப்பாக்கு சிரோசிஸ்."

"சும்மா இருடி."

"நக்கோ மம்மி, மறைக்க வேணாம். அப்பா இல்லாம எனக்கு எதுக்கு ஷாதி, கல்யாணம் எல்லாம்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இவருக்கு ரத்தம் லேசுல உறையாதும்மா. துளை சின்னதுதான். உள்ள ரத்தம் கொட்ட ஆரம்பிச்சா சின்ன விஷயம் இல்ல. தெரிஞ்சா ரத்தம் தயாரா வெச்சு, ஈரல் டாக்டரையும் கூட வெச்சுக்கிட்டுச் செய்யலாம். தெரியாம இறங்கியிருந்தா..."

ரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்காதா என்பீர்கள். தெரிந்திருக்கலாம். தெரியாமலும் போயிருக்கலாம். யார் உயிரை வைத்துப் பந்தயம் கட்டுவது?

என் கோபம் கோமதி மேல் இல்லை. ஈரல் என்றதும் வாயை மோப்பம் பிடிக்கிற ஊர் மேல். அந்த ஊருக்குப் பயந்துதான், இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்த மனிதரை ஆபரேஷன் மேஜைக்கு வாய் பொத்தி அனுப்பத் துணிந்தார் அந்த அம்மாள்.

எல்லா ஏற்பாடும் செய்து, நிதானமாக ஆபரேஷன் நடந்தது. சுந்தரம் வீடு திரும்பிவிட்டார்.

நேற்று, ஈரல் சமாசாரம் தெரிந்து அவரைப் பார்க்க வந்த உறவினர் ஒருவர் என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காதில் கேட்டார்: "மனுஷன் ரொம்ப நாளாக் குடிப்பாரோ?"

அவர் கையில், அந்தச் சர்க்கரை நோயாளிக்காக வாங்கி வந்த ஒரு கிலோ லட்டு.