மாமாவின் பெரிய டயர்

எங்கள் ஊரைப் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. எங்கள் தீவில், ஹட் பே ஜெட்டியிலிருந்து வடக்கே போகும் ஒரே சாலையில் பதினாறாவது கிலோமீட்டரில் இருப்பதால், தமிழரோ வங்காளியோ, எல்லோருக்கும் அது ‘சோலா கிலோமீட்டர்’தான். அரசாங்கக் காகிதங்களில் வேறொரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி டிக்கெட் கேட்டால் பஸ் கண்டக்டர் முழிப்பார்.

தாத்தா காலத்தில் இலங்கைத் தேயிலை மலையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்தார். தோட்டம் மூடிய பிறகு பாக்கும் வாழையும் போட்டார். எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். இதைச் சொல்லும்போது நான் அடக்கம் காட்டுவதில்லை.

அம்மாவின் தம்பி, எங்களோடு இருந்த மாமா, ஒரு பழைய பிக்கப் வண்டி வைத்திருந்தார். விடியற்காலையில் வாழைத்தார்களையும் பாக்கு மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு பஜாருக்குப் போவார். எட்டாவது கிலோமீட்டரில் இருந்த பள்ளிக்கூடத்தில் போகிற வழியில் என்னை இறக்கிவிடுவார். அப்போது எங்கள் பக்கத்திலிருந்து பள்ளிக்குப் போனது நான் ஒருத்திதான். மற்ற வீடுகளில் பிள்ளைகள் ஒன்று கைக்குழந்தைகளாக இருந்தார்கள், இல்லையென்றால் தோட்ட வேலைக்குப் போகும் வயதில் இருந்தார்கள்.

நான் ஐந்தாம் வகுப்புக்குப் போகவிருந்த மே மாதத்தில் மாமா அந்த டயர்களைக் கொண்டுவந்தார். ஏதோ வேலை முடித்துத் தீவைவிட்டுக் கிளம்பிய ஒரு கான்ட்ராக்டர், தன் பெரிய ஜீப்பின் டயர்களை ரிம்மோடு விற்றுவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொன்றும் கட்டைகட்டையான பல்லோடு இருந்தது. ஒன்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மாட்டியதும் வண்டி இரண்டு மூன்று விரற்கடை உயர்ந்து நின்றது. அம்மா இடுப்பில் கை வைத்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

“என்னாடா இது, வண்டிக்கு யானைக்கால் வந்த மாதிரி இருக்கு?”

“ஸ்டைலுக்குத்தாங்க்கா” என்றார் மாமா. வேறு காரணம் எதுவும் அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

அந்த டயர்கள் வந்த பிறகு ஓர் அதிசயம் நடந்தது. அதுவரை ஜெட்டியில் கிளம்பி வீட்டு வாசலில் நிற்கும்போது வண்டியின் மீட்டர் சரியாகப் பதினாறு ஓடியிருக்கும். இப்போது பதினாலரைதான் காட்டியது. மாமா மீட்டரைத் தட்டிக் காட்டிச் சொன்னார்: “பாத்தியா புள்ள, டயரு ரோட்டையே சுருக்கிருச்சு.” நான் நம்பிவிட்டேன். பள்ளி திறந்த முதல் நாளே வகுப்பில், எங்கள் ஊர் கடலுக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்துவிட்டது என்று இந்தியில் அறிவித்தேன். டீச்சர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அதோடு மாமாவின் டயர்மேல் எனக்கு ஒரு கோபம் வந்தது.

மழைக்காலம் வந்து போனது. நவம்பரில் குழந்தைகள் தினத்தன்று, மழையிலும் ஒரு நாள்கூட லீவு போடாமல் வந்ததற்காகப் பள்ளியில் எனக்கு ஒரு பரிசு தந்தார்கள். ஜாமெட்ரி பாக்ஸ். முழு வருகை எனக்கு மட்டும்தான். அதற்கு முந்தைய ஆண்டு பாதி மழைக்காலம் நான் வீட்டில்தான் இருந்தேன் என்பது எனக்கு நினைவே வரவில்லை. படிப்பில் எனக்கிருந்த அக்கறைக்குக் கிடைத்த பரிசு என்றுதான் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும், வெட்டுக்கத்தி தீட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் காம்பஸைத் திறந்து மூடிக் காட்டினேன்.

அந்த ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து முதலில் போட்ட கணக்கு மாமாவுக்கு எதிரான கணக்கு. ஒரு வாரத்துக்கு வந்த டீசல் இப்போதெல்லாம் நாலைந்து நாளில் தீர்ந்துபோகிறது என்று அம்மா குறைபட்டுக்கொண்டே இருந்தார்.

“அந்த யானைக்காலுதான் குடிக்குது.”

“அதெல்லாம் இல்லக்கா. வண்டி எப்பவும் போல பன்னண்டு குடுக்குது.” லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்பது மாமா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படும் எண்.

“வீட்டுல படிச்ச புள்ள இருக்குதுல்ல, அது போட்டுச் சொல்லட்டும்” என்றார் அம்மா.

இப்படி ஒரு அழைப்புக்காகவே நான் காத்திருந்தேன். டேங்க் நிறைய டீசல் போட்ட நாளில் மீட்டரைக் குறித்துக்கொண்டேன். அடுத்த முறை மறுபடி நிறைத்தபோது எத்தனை லிட்டர் பிடித்தது என்று கேட்டு, ஓடிய தூரத்தை அதால் வகுத்தேன். இந்தியில் வகுத்து, தமிழில் விடை சொன்னேன்: “ஒம்பது.”

மாமாவின் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் ஒப்புக்கொள்ளவில்லை. “மீட்டரு பொய் சொல்லுது புள்ள. நாம இருக்கிறது பதினாறுல. அது பதினாலரைங்குது. அத வச்சு நீ கணக்குப் போட்டா எப்படி?”

“ரோடு சுருங்கிருச்சுன்னு நீங்கதான மாமா சொன்னீங்க?”

அம்மா சிரித்த சிரிப்பில் அடுக்களையில் இருந்த பூனை எழுந்து ஓடியது. மீட்டர் பொய் சொல்கிறது என்பது, எடை குறைந்தால் தராசைத் திட்டும் வியாபாரியின் பேச்சாகத்தான் எல்லோருக்கும் பட்டது. பஜாரில் பங்க்சர் கடைக்காரர்கூட, “பாரி டயர் ஹை பாய், டீசல் தோ பியேகா” என்று கேலி செய்ததாக மாமாவே ஒருநாள் சொன்னார். கனமான டயர், குடிக்கத்தானே செய்யும்.

ஜனவரியில் போர்ட் பிளேரில் எனக்கு ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. தேறினால் ஆறாம் வகுப்பிலிருந்து விடுதியில் தங்கிப் படிக்கலாம். அந்த வாரம் கடல் கொந்தளித்ததில் டீசல் கொண்டுவரும் கப்பல் வரவில்லை. பங்க்கில் கயிறு கட்டிவிட்டார்கள்; பஸ்ஸும் நின்றுவிட்டது. ஆள் ஏற்றும் கப்பல் மட்டும் ஒருவழியாக வந்து, காலையில் திரும்புகிறது என்று தகவல் வந்தது. அதை விட்டால் தேர்வுக்குள் வேறு கப்பல் கிடையாது.

வண்டியில் சொட்டுகூட இல்லை. மாமா அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டு, ஜெனரேட்டருக்கு வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து, தண்ணீர் பாட்டிலில் ஒன்றரை லிட்டர் கொண்டுவந்தார்.

“போதுமாடா?” என்றார் அம்மா.

“தாராளம். பன்னண்டு ஓடுற வண்டிக்குப் பதினாறு ஒரு தூரமா?”

“ஒம்பதுதான் மாமா. ஒன்றரை லிட்டருக்குப் பதிமூணரைதான் ஓடும். ஜெட்டி பதினாலரைல இருக்கு” என்றேன் நான்.

“சும்மா ஏறு புள்ள. எறக்கத்துல நியூட்ரல்ல விட்டா வந்துரும்.”

ஏறினோம். இறக்கங்களில் மாமா கியரை எடுத்துவிட்டு வண்டியைச் சும்மா உருளவிட்டார். நான் சாலையைப் பார்க்கவே இல்லை, மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். பதின்மூன்றைத் தாண்டிச் சற்று தூரத்தில் வண்டி இரண்டு முறை இருமியது. பிறகு அமைதியாக ஓரத்தில் போய் நின்றது. முன்னால் தென்னைகளுக்கு மேலே கப்பலின் புகைபோக்கி தெரிந்தது. ஹாரன் ஒருமுறை அடித்தது.

மாமா இறங்கி என் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடத் தொடங்கினார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். கப்பல் போய்விடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனாலும் அதைவிடப் பெரிய ஒரு மகிழ்ச்சியை என்னால் அடக்க முடியவில்லை.

“நான் சொன்னேன்ல மாமா, ஒம்பதுதான்னு!”

“ஆமாங்க டீச்சர்!” என்று கத்தினார் அவர், திரும்பாமலே. என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஜெட்டியை நெருங்கும்போது ஏணிப்படியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா பெட்டியோடு கையையும் ஆட்டிக்கொண்டு, “அரே பாய், ருக்கோ! பச்சி கா பரீட்சா ஹை!” என்று அலறினார். கப்பல்காரர் ஒருவர் சிரித்தபடி கயிற்றை விட்டுவிட்டு எனக்குக் கை கொடுத்தார். அம்மா பின்னால் ஏறினார். மேலே போய்ப் பார்த்தபோது மாமா ஜெட்டியில் குந்தி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

தேர்வில் தேறினேன். முடிவு வந்த வாரம் மாமா பெரிய டயர்களைக் கழற்றி விற்றுவிட்டு, பழைய டயர்களை மாட்டினார்.

“ஏன் மாமா?” என்று கேட்டேன்.

“நீதான் போர்ட் பிளேர் போறியே. இனி எதுக்கு?”

தன் வண்டியின் மைலேஜைக் கணக்குப் பார்க்க வீட்டில் இனி ஆளில்லை என்பதால், தோற்றதை இப்போது கௌரவமாக ஒப்புக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மீட்டர் மறுபடி பதினாறு காட்டியது. மழை தொடங்குவதற்கு முன்பே நான் விடுதிக்குப் போய்விட்டேன். அடுத்தடுத்த மழைக்காலங்களும் எனக்கு விடுதியில்தான் கழிந்தன.

இப்போது நான் பாம்பூஃப்ளாட்டில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. சக்கரத்தின் சுற்றளவைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருநாள் கரும்பலகையில் இரண்டு வட்டங்கள் வரைந்தேன். மீட்டருக்குத் தூரம் தெரியாது, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதுதான் தெரியும். பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிகத் தூரம் போகும். ஆகவே மீட்டர் குறைத்துக் காட்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில் நிறுத்திவிட்டேன். மாமாவின் வண்டி உண்மையில் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டயரின் கனத்துக்குப் போனது இரண்டு, மூன்றல்ல. மாலையில் போன் செய்து, “மாமா, மீட்டர் பொய்தான் சொல்லியிருக்கு” என்றேன். “அத நான் அன்னைக்கே சொன்னேன்” என்றார். கணக்கு அத்தோடு நேராகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

போன ஜூலையில் ஊருக்குப் போயிருந்தேன். விடிய விடிய மழை பெய்திருந்தது. காலையில் பஜாருக்குப் போக மாமாவின் வண்டியில் ஏறினேன். பின்னால் வாழைத்தார்களுக்கு நடுவே யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் சாலை ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். மழை பெய்தால் அந்த இடம் சிவப்புச் சேறாகிவிடும், ஜெட்டியிலிருந்து வரும் பஸ் அதற்கு அந்தப் பக்கமே திரும்பிவிடும். வண்டி பள்ளத்தில் இறங்கியது, ஏறவில்லை. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிச் சேற்றை வாரி அடித்தது.

பிள்ளைகள் ஒருவரும் பதறவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பழகினவர்கள்போல் ஒவ்வொருவராகக் குதித்தார்கள்.

“ஆஜ் சுட்டி!” இன்றைக்கு லீவு என்று இந்தியில் ஒரு சிறுமி சந்தோஷமாகச் சொன்னாள்.

“அடிக்கடி இப்படி ஆகுமா?” என்று கேட்டேன்.

“மழை பேஞ்சா சுட்டிதான் அக்கா” என்றாள். எல்லோரும் வந்த வழியே வீட்டுக்கு நடந்தார்கள்.

நான் சேற்றின் நடுவில் நின்று, பாதி புதைந்திருந்த அந்தச் சின்ன டயரைப் பார்த்தேன். பெரிய டயர் இருந்த அந்த ஒரு மழைக்காலம் முழுக்க இதே பள்ளத்தை நான் தினமும் கடந்திருக்கிறேன். கடந்ததுகூட எனக்கு ஞாபகம் இல்லை. வண்டி நின்றிருந்தால்தானே ஞாபகம் இருக்கும்? ஓடிய தூரத்தையும் குடித்த டீசலையும் மட்டும் வைத்து நான் கணக்கை முடித்திருந்தேன். அதை எழுதிய பென்சிலும் அந்த ஜாமெட்ரி பாக்ஸில் இருந்து எடுத்ததுதான்.

மாமா கீழே இறங்கி, முகத்தில் தெறித்த சேற்றைச் சட்டைக் கையால் துடைத்தார். டயரை ஒரு உதை உதைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ஆனா ஒண்ணு, மைலேஜ் இப்ப நல்லாத்தான் வருது டீச்சர்.”